காற்றால் குளிரும் கிட் கார்களில் வெளியேற்றுக் குழாயின் தரை இடைவெளி

தரை இடைவெளி என்பது சமதளத்தில் நிற்கும் ஒரு தானுந்தின் (கார்) மிகத் தாழ்ந்த பகுதிக்கும் தரைக்கும் இடைப்பட்ட உயரம் ஆகும். தரையைத் தொடும் சக்கரங்களும் டயர்களும் இக்கணக்கில் சேர்வதில்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பொறியைக் கொண்டு உருவாக்கப்படும் கிட் கார்களில் இந்த மிகத் தாழ்ந்த பகுதி பெரும்பாலும் புகை வெளியேற்றுக் குழாயாகவோ அதன் சைலன்சராகவோ அமைந்துவிடுகிறது. வேகத்தடை, சரிவுப்பாதை, கற்கள் நிறைந்த சாலை ஆகியவற்றில் அது உரசுவதும் உடைவதும் இவ்வகைத் தானுந்துகளில் நன்கு அறியப்பட்ட சிக்கல் ஆகும்.

பின்னணி

கிட் கார் என்பது உதிரிப் பாகங்களின் தொகுதியாக விற்கப்பட்டு, வாங்குபவரால் பொருத்தி முடிக்கப்படும் தானுந்து. பீட்டிலின் மேலுடலைக் கழற்றிவிட்டால், பொறியும் சக்கரங்களும் கட்டுப்பாடுகளும் பொருந்திய தட்டையான தளச்சட்டம் தனியே கிடைக்கும். அதன் மேல் வேறொரு கண்ணாடியிழை உடலை ஏற்றுவது எளிது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்சு 1964 இல் உருவாக்கிய மேயர்ஸ் மாங்க்சு இவ்வகையில் புகழ்பெற்றது. பின்னர் கிட் ஆக விற்கப்பட்ட வடிவத்தில், பீட்டிலின் தளச்சட்டம் ஏறத்தாழ 36 செமீ வெட்டிக் குறைக்கப்பட்டது. 1967 இல் நடந்த முதலாவது மெக்சிகன் 1000 பாலைவனப் பந்தயத்தில் வென்றதும் ஒரு மாங்க்சு வண்டியே. இங்கிலாந்தில் 1971 இல் வெளிவந்த நோவா போன்ற தாழ்வான இரட்டை இருக்கைத் தானுந்துகளும் இதே தளச்சட்டத்தின் மேல் அமைந்தவை. பீட்டிலின் உற்பத்தி 2003 இல் மெக்சிகோவின் புவெப்லா நகரில் நின்றுபோன பின்னரும் இப்பொறிக்கான உதிரிப் பாகங்கள் கிடைத்து வருகின்றன.

பாலைவன வண்டிகளில் குழாய் உயரமாக, திறந்த வெளியில் செல்கிறது. தாழ்வான உடல் கொண்ட சாலைத் தானுந்துகளிலேயே இச்சிக்கல் கடுமையாகத் தோன்றுகிறது.

குழாய் தாழ்ந்திருப்பதற்கான காரணம்

பீட்டில் பொறியின் நான்கு உருளைகளும் பக்கத்துக்கு இரண்டாகப் படுக்கைநிலையில் உள்ளன. ஒவ்வொரு உருளைத் தலையிலும் இரண்டு வெளியேற்று வாய்கள் உள்ளன. ஒன்று வண்டியின் முன்புறத்தையும் மற்றொன்று பின்புறத்தையும் நோக்கும். பின்நோக்கிய வாய்களில் (2, 4 ஆம் உருளைகள்) இருந்து வரும் புகை நேரடியாகப் பின்னாலுள்ள சைலன்சருக்குச் செல்கிறது. முன்நோக்கிய வாய்களின் (1, 3 ஆம் உருளைகள்) புகையோ வளைந்து திரும்பி, உருளைகளுக்கு அடியில் ஓடிப் பின்புறம் வந்தாக வேண்டும். மேலே குளிர்விக்கும் காற்றுக்கான தகடுகளும் உள்ளிழுப்புக் குழாய்களும் இருப்பதால் அதற்கு வேறு வழி இல்லை.

தொழிற்சாலை அமைப்பில், அடியில் ஓடும் இக்குழாய்களைச் சுற்றி வெப்பமாற்றிக் கூடுகள் உள்ளன. பயணிகளின் இருக்கைப் பகுதிக்குச் சூடான காற்று வருவது இவற்றின் வழியாகத்தான். கிட் கார் கட்டுபவர்கள் பெரும்பாலும் இக்கூடுகளை நீக்கிவிட்டு, J வடிவக் குழாய்களையும் நான்கையும் ஒன்றாக இணைக்கும் கூட்டுக்குழாயையும் பொருத்துகின்றனர். திறன் சற்றுக் கூடும் என்பது உண்மை. ஆனால் நான்கு குழாய்களும் சேரும் இடம் பொறியின் பின்முனைக்குக் கீழே தொங்குவதால், கூட்டின் தடிமன் குறைந்ததால் கிடைத்த இடைவெளி அங்கே இழக்கப்படுகிறது.

உரசுவதால் வரும் கேடு ஒலியோடு முடிவதில்லை. நசுங்கிய குழாய் புகையோட்டத்தைத் தடுத்து அந்த உருளையின் வெப்பத்தைக் கூட்டும். ஒவ்வொரு வெளியேற்று வாயிலும் குழாயைப் பிடித்திருப்பவை அலுமினிய உருளைத் தலையில் திருகப்பட்ட இரண்டு 8 மிமீ ஊன்றாணிகள் (ஸ்டட்) மட்டுமே. பலமான அடியில் இவை மரையோடு பெயர்ந்து வரக்கூடும். பின்னர் அத்துளையைப் பெரிதாக்கி, ஒரு முனை 10 மிமீயும் மறுமுனை 8 மிமீயும் கொண்ட படியாணியைப் போட வேண்டியிருக்கும். எல்லாவற்றிலும் ஆபத்தானது, விரிசல் வழியே கசியும் கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் அற்ற இவ்வளி, கண்ணாடியிழை உடலின் அடைபடாத துளைகள் வழியாக உட்புகுந்தால் ஓட்டுநர் அறியாமலே மயங்க நேரிடும்.

அளவிடுதல்

திருத்தத்துக்கு முன், இருவர் அமர்ந்த நிலையில் அளக்க வேண்டும். வெறும் வண்டியில் எடுத்த அளவு பயன் தராது. எரிபொருள் தொட்டி முன்புறம் இருக்கும் வண்டிகளில் அதன் நிரம்பல் பின்புற உயரத்தைப் பெரிதாக மாற்றாது என்பதையும் கவனிக்கலாம்.

உயரம் மட்டும் போதாது. பின்சக்கரத்தில் இருந்து குழாய் எவ்வளவு தொலைவில் தொங்குகிறது என்பதும் முக்கியம். குழாயின் உயரத்தை, பின்டயர் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து உள்ள தொலைவால் வகுத்தால் கிடைப்பது வெளியேறு கோணத்தின் தான்சன் மதிப்பு. எடுத்துக்காட்டாக, தரையிலிருந்து 110 மிமீ உயரத்தில், டயருக்கு 600 மிமீ பின்னால் உள்ள குழாயின் கோணம் ஏறத்தாழ 10.4 பாகை. ஐந்துக்கு ஒன்று என்ற சரிவின் கோணம் 11.3 பாகை. எனவே அச்சரிவில் ஏறும்போது குழாய் தரையில் இடிக்கும். அதே குழாயை 40 மிமீ உயர்த்தினால் கோணம் 14 பாகையாகித் தப்பிவிடும். உயரத்தை மாற்றாமல் குழாயை 150 மிமீ முன்னுக்குக் கொண்டுவந்தாலும் கோணம் 13.7 பாகை ஆகும். இந்த இரண்டாவது வழியைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

டயரும் முறுக்குத் தண்டும்

பழைய 165/80 15 டயரின் விட்டம் கணக்கின்படி 645 மிமீ. தோற்றத்துக்காக 195/50 15 டயருக்கு மாறினால் விட்டம் 576 மிமீ ஆகிறது. அதாவது வண்டி முழுவதும் ஏறத்தாழ 34 மிமீ இறங்குகிறது. குழாயை வெட்டி ஒட்டுவதற்கு முன், டயரைப் பழைய அளவுக்கு மாற்றினாலே சிக்கல் தீருமா என்று பார்ப்பது நல்லது. வேகமானி காட்டும் அளவும் கியர் விகிதத்தின் பயனும் அதனுடன் சீராகும்.

அடுத்த வழி பின்புறத் தாங்கமைப்பை உயர்த்துவது. பீட்டிலின் பின் முறுக்குத் தண்டின் உள்முனையில் 40 பற்களும் வெளிமுனையில் 44 பற்களும் உள்ளன. உள்முனையில் ஒரு பல் திருப்பினால் 9 பாகை, வெளிமுனையில் ஒரு பல் எதிர்த்திசையில் திருப்பினால் சுமார் 8 பாகை 10 கலை. இரண்டின் வேறுபாடு 50 கலை மட்டுமே. ஒரு பாகைக்கும் குறைந்த இம்மாற்றம் சக்கரத்தருகே ஏறத்தாழ 6 மிமீ உயர வேறுபாட்டைத் தருகிறது. எளிய இரு பல்வரிசைகளைக் கொண்டு இத்தனை நுண்ணிய சரிசெய்தலைப் பெற்றது இவ்வடிவமைப்பின் அழகு எனலாம். முறுக்கேறிய நிலையில் உள்ள தாங்குதகடு தன் தடுப்பிலிருந்து விடுபடும்போது பெரும் விசையுடன் இறங்கும் என்பதால் இப்பணியில் ஜாக்கியும் சங்கிலியும் இன்றி ஈடுபடக்கூடாது.

இவ்வழிக்கு ஓர் எல்லை உண்டு. ஊசலாடும் அச்சு கொண்ட பழைய வகைகளில், அரையச்சு கியர்பெட்டியின் அருகே மட்டுமே மடங்குகிறது. வண்டியின் பின்புறத்தை உயர்த்தினால் இரு சக்கரங்களின் மேற்பகுதிகளும் வெளிப்புறம் சாயும். திருப்பத்தில் உடல் மேலும் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உட்புறமாக மடிந்து பிடிமானத்தை இழக்கலாம். ரால்ஃப் நாடர் 1965 இல் வெளியிட்ட நூலில் செவ்ரலே கோர்வேர் மீது வைத்த குற்றச்சாட்டும் இத்தகைய அச்சைப் பற்றியதே. கண்ணாடியிழை உடல் எடை குறைந்தது என்பதால் இவ்வண்டிகளின் பின்புறம் முன்பே எழும்பி நிற்கும் போக்குடையது. ஆகையால் குழாயைக் காப்பாற்றுவதற்காக ஊசல் அச்சு வண்டியைப் பெரிதாக உயர்த்துவது தவறான தீர்வு ஆகும். அமெரிக்காவில் 1969 மாடல் முதல் வந்த இரட்டை மூட்டு அச்சுகளில் இவ்விளைவு மிகவும் குறைவு.

குழாயின் பாதையை மாற்றுதல்

பெரும்பாலான வண்டிகளில் உண்மையான தீர்வு இதுவே. உருளைகளுக்கு அடியில் ஓடும் பகுதியை அதிகம் உயர்த்த இயலாது. தள்ளுதண்டுக் குழாய்களும் தகடுகளும் தடுக்கும். மாற்றத்துக்கு இடம் தருவது பொறியின் பின்முனை. அங்கு நான்கு குழாய்களின் கூடலை மேல்நோக்கித் திருப்பி, சைலன்சரைப் பின் தகட்டின் உயரத்துக்குக் குறுக்காக வைக்கலாம். அல்லது ஒரு பக்கமாகக் கொண்டுசென்று சக்கரத்துக்குப் பின்னுள்ள வெற்றிடத்தில் வைக்கலாம்.

குழாயைத் தட்டையாக்குவது மற்றொரு வழி. 50 மிமீ விட்டமுள்ள வட்டக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 1963 சதுர மிமீ. சுற்றளவு மாறாமல் அதை 35 மிமீ உயரத்துக்கு அமுக்கினால் பரப்பு ஏறத்தாழ 1787 சதுர மிமீ ஆகிறது. 15 மிமீ இடைவெளி கிடைக்க, இழப்பது 9 விழுக்காடு பரப்பு மட்டுமே. சாதாரணச் சாலைப் பயன்பாட்டுக்கு இது நல்ல பேரம். ஆனால் சுத்தியால் அடித்துத் தட்டையாக்கக்கூடாது. மடிப்பு விழுந்த இடத்தில் விரிசல் தொடங்கும்.

குழாயை உயர்த்தும்போது மறக்கப்படுவது குளிர்விப்பு. பீட்டில் பொறியைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் விளிம்பும் பொறியறையை இரண்டாகப் பிரிக்கின்றன. மேலே குளிர்ந்த காற்று. விசிறி இழுப்பது அதைத்தான். உருளைகளைத் தாண்டிச் சூடாகிய காற்றும் வெளியேற்றுக் குழாய்களும் கீழே. சைலன்சரைத் தகட்டுக்கு மேலே ஏற்றினால், விசிறி தன் குழாயின் வெப்பத்தையே உறிஞ்சும். திறந்த பின்புறம் கொண்ட பக்கி வண்டிகளில் இது பொருட்டல்ல. மூடிய உடலில் சைலன்சரைச் சுற்றி வெப்பத்தடுப்புத் தகடு அமைத்து, அந்த அறையின் காற்று தனியே வெளியேறுமாறு செய்ய வேண்டும். பொதுப் பயன்பாட்டுப் பாலியெஸ்டர் பிசின் 100 பாகை செல்சியசை எட்டும் முன்னரே இளகத் தொடங்கும் என்பதால் உடலைக் காப்பதற்கும் இத்தடுப்பு தேவை. குழாயில் வெப்பத்தடுப்பு நாடா சுற்றுவது வழக்கம். அது ஈரத்தைத் தேக்கிச் சாதாரண எஃகுக் குழாயை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். பீங்கான் பூச்சு மேலானது, செலவும் மிகுதி.

புதிய அமைப்பைப் பொறியின் மேலேயே தாங்க வேண்டும். பொறி ரப்பர் தாங்கிகளில் அசைவது; உடலோ அசையாதது. இரண்டையும் குழாயால் இறுகப் பிணைத்தால் பற்றவைத்த இடங்களோ ஊன்றாணிகளோ முறியும். மேலும் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய இருபுற வால்வு மூடிகளும் அடிக்கடி கழற்றப்பட வேண்டியவை. பொறியும் கீழ்நோக்கி இறக்கியே வெளியே எடுக்கப்படுகிறது. அழகாக வளைந்த குழாய் இவ்விரண்டுக்கும் இடையூறாக இருந்தால், உரிமையாளர் சில மாதங்களிலேயே அதை வெட்டி எறிவார்.

ஆயில் சம்ப்பும் காப்புச் சட்டமும்

குழாயை உயர்த்திய பின் மிகத் தாழ்ந்த உறுப்பாக ஆயில் சம்ப் மாறக்கூடும். பொறியின் உறை மக்னீசியக் கலப்புலோகத்தால் ஆனது. குழாய் அடிபட்டால் புதுக்குழாய் போதும். உறை உடைந்தால் பொறியையே பிரிக்க வேண்டும். கூடுதல் எண்ணெய்க்காக அடியில் தொங்கும் ஆழச் சம்ப் பொருத்தியவர்கள் முதலில் அதை நீக்குவது பற்றிச் சிந்திக்க வேண்டும். எண்ணெய் குளிர்ச்சி போதவில்லை எனில் வேறிடத்தில் தனிக் குளிர்விப்பான் வைக்கலாம்.

அடியில் முழுத் தகடு அடித்து மூடுவது கூடாது. உருளைகளைக் குளிர்வித்த சூடான காற்று கீழ்நோக்கியே வெளியேறுகிறது; அதை அடைத்தால் பொறி அதிவெப்பமடையும். முன்னிருந்து பின்னாக ஓடும் இரண்டு அல்லது மூன்று எஃகுக் கம்பிகளைத் தளச்சட்டத்தின் பின்கவையில் தாங்கவைத்து, பின்முனையை மேல்நோக்கி வளைத்துவிட்டால் வண்டி தடையின் மேல் வழுக்கிச் செல்லும். கம்பிக்கும் குழாய்க்கும் இடையே பொறியின் அசைவுக்கு ஏற்ற இடைவெளி விடப்பட வேண்டும். சம்ப்பின் வடிகட்டித் தகட்டைக் கழற்றும் வகையில் கம்பிகளின் இடைவெளியும் அமைய வேண்டும்.