இன்னிக்கு உரம் போடலாமா? செல்போனைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க

நெல் நட்டு இருபது நாள் ஆச்சு. மேலுரம் போடணும். யூரியா மூட்டை வாங்கி வீட்டில் வைத்தாகிவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் கிழக்கே மேகம் கட்டி நிற்கிறது. இன்றைக்கே போட்டுவிடலாமா, இரண்டு நாள் பொறுக்கலாமா? போட்ட அன்றே கனமழை கொட்டினால், உரமெல்லாம் தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போய்விடும். காசும் போச்சு, கூலியும் போச்சு.

இந்த முடிவை எடுக்க உதவும் தகவல் உங்க செல்போனிலேயே கிடைக்கிறது. ஆனால் நம்மில் பலர் மேகப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். கூடவே வரும் வேளாண் ஆலோசனையைப் படிப்பதில்லை. அது எங்கிருந்து வருகிறது, எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போமா?

ஆலோசனையை யார் எழுதுகிறார்கள்?

மழை வருமா என்று கணிப்பது இந்திய வானிலை ஆய்வுத் துறை. வந்தால் பயிருக்கு என்ன செய்யணும் என்று சொல்வது வேளாண் பல்கலைக்கழகம். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகம் 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு வேளாண் பள்ளியாகத் தொடங்கியது. 1906-ல் கோவைக்கு வந்தது. 1971-ல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

செவ்வாய், வெள்ளி என வாரம் இரண்டு முறை, அடுத்த 5 நாட்களுக்கான மழை, வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவற்றின் கணிப்பு வருகிறது. உங்க மாவட்டத்தில் எந்தப் பயிர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதோடு இதைப் பொருத்திப் பார்த்துத்தான் நிபுணர்கள் ஆலோசனை எழுதுகிறார்கள். ஒரே மழைதான்; நாற்று விட்டவருக்கு ஒரு யோசனை, அறுவடைக்குக் காத்திருப்பவருக்கு வேறு யோசனை.

பழைய மழைக் கணக்கு எதற்கு?

சென்னையில் 1792-ல் வானியல் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. அங்கே 1796 முதலே வானிலையை அளந்து குறித்து வைக்கத் தொடங்கினார்கள். இப்படிச் சேர்ந்த பழைய பதிவுகள் இன்றைக்கும் வேலை செய்கின்றன. தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது என்பது அந்தக் கணக்கிலிருந்து தெரிந்ததுதான். செய்தியில் "இயல்பைவிடக் குறைவு" என்று சொல்லும்போது, 1971 முதல் 2020 வரையிலான 50 ஆண்டு சராசரியோடு ஒப்பிடுகிறார்கள்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நம்ம தாத்தா பாட்டி சொன்னதும் பல தலைமுறை பார்த்துப் பழகிய கணக்குதான். மானாவாரியில் எந்த வாரம் விதைத்தால் மழை கைகொடுக்கும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் எண்களை வைத்துப் பார்க்கிறார்கள். வழக்கமாக எப்போது மழை வரும் என்பதைப் பழைய பதிவு சொல்லும். இந்த வாரம் வருமா என்பதைக் கணிப்பு சொல்லும். விதைக்கிறவருக்கு இரண்டும் வேணும்.

எண்ணைப் படிப்பது எப்படி?

மழை அளவு காலை 8.30 மணிக்குக் குறிக்கப்படுகிறது. முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழை அது.

• 2.5 முதல் 15.5 மி.மீ. வரை: லேசான மழை
• 15.6 முதல் 64.4 மி.மீ. வரை: மிதமான மழை
• 64.5 முதல் 115.5 மி.மீ. வரை: கனமழை
• 115.6 முதல் 204.4 மி.மீ. வரை: மிகக் கனமழை
• அதற்கு மேல்: அதி கனமழை

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 20 மி.மீ. என்றால் 80,000 லிட்டர். நாளைக்கு அவ்வளவு மழை வரும் என்று தெரிந்தால், இன்றைக்கு மோட்டார் போட வேண்டியதில்லையே!

எச்சரிக்கை நிறத்தையும் கவனியுங்க. மஞ்சள் என்றால் கவனமா இருங்க. ஆரஞ்சு என்றால் தயாரா இருங்க. சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்க.

நீங்க செய்ய வேண்டியது

1. ப்ளே ஸ்டோரில் "மேகதூத்" செயலியைப் பதிவிறக்குங்க. மொழியில் தமிழையும், பிறகு உங்க மாவட்டத்தையும் தேர்வு செய்யுங்க.

2. தமிழ்நாடு அரசின் "உழவன்" செயலியிலும் வானிலைத் தகவல் உண்டு.

3. மருந்து தெளிக்கும் முன் மழையை மட்டும் பார்க்காம, காற்றின் வேகத்தையும் பாருங்க. பலத்த காற்றில் தெளித்தால் மருந்து பயிரில் படியாது, உங்க மேலேயும் படும்.

4. இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் வயலைவிட்டு வந்துடுங்க. மரத்தடியில் ஒதுங்காதீங்க.

5. வீட்டுப் பெரியவங்களிடம் ஸ்மார்ட்போன் இல்லையா? 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்தில் பேசச் சொல்லுங்க.

ஒன்றை மறக்க வேண்டாம். கணிப்பு மாவட்டத்துக்குப் பொதுவானது. கோடை இடிமழை ஒரு ஊரில் கொட்டும், பக்கத்து ஊரில் தூறல்கூட விழாது. ஐந்தாம் நாள் கணிப்பைவிட நாளைய கணிப்பு கூடுதலாக நம்பத்தக்கது. அதனால் செவ்வாய்க்கிழமை படித்ததை வைத்தே வாரம் முழுக்க ஓட்டாம, வெள்ளிக்கிழமை மறுபடியும் பாருங்க.

உங்க வயலுக்கென்று ஒரு மழைக் கணக்கும் எழுதலாம். அடி தட்டையா, பக்கம் நேரா இருக்கும் பாத்திரம் ஒன்றைத் திறந்தவெளியில் வையுங்க. தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் தண்ணீரின் உயரத்தை அளந்து, நோட்டில் தேதியோடு எழுதுங்க. நாலைந்து வருஷம் போனால், உங்க ஊர் மழையைப் பற்றி உங்களிடமே ஒரு பதிவு இருக்கும்.

இப்போ அந்த யூரியா மூட்டைக்கு வருவோம். நாளையும் மறுநாளும் கனமழை என்று ஆலோசனை சொன்னால், மூட்டை வீட்டிலேயே நனையாம இருக்கட்டும். மழை விட்டு, வயலில் தேங்கிய தண்ணீரை வடித்த பிறகு போடுங்க. போட்ட உரம் பயிருக்குப் போகும்.