சிறு டிராக்டருக்கு ஒரு ஹைட்ராலிக் கை

பேகம்பேட் விமான நிலையத்தின் வழக்கமான பயணியர் சேவைகள் 2008 மார்ச் மாதத்தில் ஷம்ஷாபாத்துக்கு இடம்பெயர்ந்தன. ஆயினும் விங்ஸ் இந்தியா கண்காட்சியின்போது அங்கு எழும் விமானங்களை நாம் இன்றும் அண்ணாந்து பார்க்கிறோம். பெரிய விமானங்களின் கனத்த சக்கரங்களைச் சில நொடிகளில் உள்ளே மடக்குவது பெரும்பாலும் குழாய்களுக்குள் அழுத்தப்பட்ட எண்ணெய்தான். வயலில் கலப்பையைத் தூக்குவதும் அதே எண்ணெயின் வலிமையே.

டிராக்டருக்கு இவ்வலிமையைப் பொருத்தமாக அமைத்துத் தந்தவர் ஹாரி பெர்குசன். அவருடைய மூன்று முனை இணைப்பு 1939-இல் ஃபோர்டு டிராக்டரில் இடம்பெற்று உலகெங்கும் பரவியது. 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் தயாரித்த மாசி பெர்குசன் டிராக்டர்களால் அவர் பெயர் நம் உழவர்க்கும் அறிமுகமானது.

கைப்பிடியிலிருந்து நெம்புகோலுக்கு

கனடா போன்ற குளிர் நாடுகளில் சிறு டிராக்டரில் பனி அகற்றும் ஸ்னோ புளோயரைப் பூட்டுவர். பனியை வீசும் குழலைத் திருப்பக் கைப்பிடியைச் சுற்ற வேண்டியிருப்பதால், சிலர் தாமே ஒரு ஹைட்ராலிக் மோட்டாரை இணைத்துக்கொள்கின்றனர். நம் ஊர்ப் பட்டறைகளில் டிப்பர் டிரெய்லரும் முன்புற வாளியும் உருவாவது இதே முறையில்தான்.

பம்பு, கட்டுப்பாட்டு வால்வு, சிலிண்டர், எண்ணெய்த் தொட்டி ஆகிய நான்கும் இதன் உறுப்புகள். 50 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 19.6 ச.செ.மீ. சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் கிடைத்தால், அது ஏறத்தாழ 2,900 கிலோ விசையைத் தரும். அதன் தண்டு 50 செ.மீ. நீள ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தரும் பம்பு அதனை 6 நொடியில் நிரப்பும். பல டிராக்டர்களில் இந்த எண்ணெய் கியர் பெட்டியிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே அதன் அளவு குறையாமலும், வேறு ரக எண்ணெய் கலவாமலும் காத்தல் அவசியம்.

உயிர்காக்கும் விதிகள்

அழுத்தம் மிகும்போது எண்ணெயைத் திருப்பிவிடும் பாதுகாப்பு வால்வு இல்லாமல் எந்த இணைப்பையும் இயக்கக் கூடாது. குழாயில் கசிவு உள்ளதா என விரலால் தடவிப் பார்ப்பது பேராபத்து: ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். எனவே எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே குழாயைக் கழற்றுக. கசிவை அட்டைத் துண்டால் சோதிக்க. தூக்கி நிறுத்திய டிரெய்லரின் கீழ் முட்டுக்கட்டையின்றி எவரும் நுழையலாகாது. முன்புற வாளி சுமை ஏற்கும்போது பின்சக்கரங்களின் பிடிப்பு குறையும். பின்னே எதிர் எடை கட்டுவது நலம்.

கடனில் உள்ள வண்டியெனில்

வங்கிக் கடனில் வாங்கிய டிராக்டர், கடன் தீரும்வரை வங்கிக்கு ஈடாக உள்ளது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. சட்டகத்தில் துளையிடுவதும் பற்றவைப்பதும் தயாரிப்பாளரின் உத்தரவாதத்தைப் பாதிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் இழப்பீடு கோரும் நாளில் தடையாகலாம்.

ஆகவே வேலையைத் தொடங்குமுன் விற்பனையாளரிடம் அழுத்த அளவையும் தூக்குதிறனையும் கேட்டறியுங்கள். கிளை மேலாளரிடமும் காப்பீட்டாளரிடமும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பட்டறையின் விலைப்பட்டியலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். இணைப்பின் செலவுக்குக் கடனுதவி வேண்டுமெனில், விலைப்பட்டியலுடன் முன்கூட்டியே கிளையை அணுகுவதே முறை. பட்டறையில் பொறி பறக்கத் தொடங்குமுன் ஒரு நாளை இதற்கெனச் செலவிட்டால், உழைத்துச் சேர்த்த வண்டியும் அதை ஓட்டும் கைகளும் பாதுகாப்பாக இருக்கும்.