விழுப்புரம் ஜங்ஷன் முதல் நிலா வரை: ஆராய்ச்சிப் படிப்பின் அதிசயங்கள் தெரியுமா?

விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் மாறிப் போனவர்களில் கணித மேதை சீனிவாச ராமானுஜனும் ஒருவர். தெரியுமா?

அது 1910. கும்பகோணத்தில் வண்டி ஏறிய அந்த 22 வயது இளைஞர் விழுப்புரத்தில் இறங்கி, மேற்கே போகும் வண்டியைப் பிடித்துத் திருக்கோவிலூர் போய்ச் சேர்ந்தார். கையில் சொத்து என்று இருந்தது கணித நோட்டுகள் மட்டும். எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவர். பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. அவர் பார்க்கப் போனது அந்த ஊர் டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயரை. ரெவின்யூ அதிகாரிக்கும் கணிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரே அவர்தான்!

ராமானுஜன் கேட்டது சாதாரண குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர் அதைக் கொடுக்கவில்லை. தாலுகா கச்சேரியில் உட்கார வைத்தால் இந்த மூளை வீணாகிவிடும் என்று, சென்னையில் இருந்த கணித அன்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த அதிசயம் 1913இல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இவரிடம் இளநிலைப் பட்டமே கிடையாது! ஆனாலும் விதியைத் தளர்த்தி, மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு என்று கொடுத்தார்கள். துறைமுகத்தில் குமாஸ்தாவாக அவர் வாங்கிய சம்பளம் 30 ரூபாய்தான். ஒரே நிபந்தனை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன கண்டுபிடித்தார் என்று அறிக்கை தர வேண்டும். தமிழ்நாட்டில் நடந்த மாணவர் சேர்க்கைகளிலேயே மகத்தானது இதுதான் என்பேன். மார்க் ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஆள் செய்திருக்கும் வேலையைப் பார்த்துக் கொடுத்த சீட் அது.

இன்னொன்று தெரியுமா? அவர் போய்ச் சேர்ந்த கேம்பிரிட்ஜில் அப்போது பிஎச்.டி. என்ற பட்டமே இல்லை! அதனால் 1916இல் அவருக்குக் கிடைத்தது ஆராய்ச்சிக்கான பி.ஏ. பட்டம். இரண்டே ஆண்டில், 1918இல், ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

ராமானுஜன் வண்டி மாறிய அதே விழுப்புரத்தில், ரயில்வே டெக்னீஷியன் ஒருவரின் மகன் ரயில்வே பள்ளிக்கூடத்தில் படித்தார். பத்தாவது முடித்ததும் உள்ளூரில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. பிறகு சென்னையில் பி.இ., திருச்சியில் எம்.இ., சென்னை ஐஐடியில் பிஎச்.டி. அவர் பெயர் ப. வீரமுத்துவேல். 2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடம். சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டர் நிலவின் தென்துருவப் பக்கம் அலுங்காமல் இறங்கியபோது, அந்தத் திட்டத்தின் இயக்குநர் அவர்தான்!

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவருடைய பிஎச்.டி. எதைப் பற்றியது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ராக்கெட் கிளம்பும்போது செயற்கைக்கோள் பயங்கரமாக அதிரும். உள்ளே அடுக்கி வைத்திருக்கும் மின்னணு அட்டைகளும் சேர்ந்து அதிரும். அட்டையில் பற்றவைத்த ஒரு சின்ன இணைப்பு விட்டுப்போனாலும் மொத்த உழைப்பும் போச்சு. இந்த அதிர்வை அடக்குவதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. சிறிய கூடு ஒன்றில் பொடி உலோக உருண்டைகளை, இடம் விட்டு நிரப்பி, அட்டையின்மேல் பொருத்துகிறார்கள். குழந்தையின் கிலுகிலுப்பை மாதிரிதான்! அட்டை அதிரும்போது உருண்டைகள் ஒன்றோடொன்றும் கூட்டின் சுவரோடும் மோதி உரசுகின்றன. அதிர்வின் ஆற்றல் அந்த மோதலிலும் உரசலிலும் வெப்பமாகிக் கரைந்துபோகிறது. மின்சாரம் தேவையில்லை, மோட்டார் தேவையில்லை. எத்தனை உருண்டை, எந்த அளவு, கூட்டில் எவ்வளவு காலி இடம் என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் ஆண்டுக்கணக்கான உழைப்பு. இதைப் பற்றிய கட்டுரை 2016இல் சர்வதேச ஆய்விதழில் வெளிவந்தது.

இதையெல்லாம் அவர் இஸ்ரோவில் வேலை பார்த்துக்கொண்டே செய்தார்! ஆராய்ச்சி நிறுவனங்களில் வேலையில் இருப்பவர்கள், வேலையை விடாமல் அங்கிருந்தபடியே பதிவு செய்துகொள்ள ஐஐடி போன்ற இடங்களில் வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு கொடுத்த 25 லட்ச ரூபாய்ப் பரிசை, தான் படித்த கல்வி நிலையங்களுக்கே அவர் பகிர்ந்து கொடுத்தார். பாலிடெக்னிக்குக்கும் அதில் பங்கு உண்டு.

கல்லூரியில் நாம் படிப்பது ஏற்கெனவே கண்டுபிடித்தவற்றை. ஆராய்ச்சிப் படிப்போ இன்னும் விடை தெரியாத கேள்வி ஒன்றை மாணவர் கையில் கொடுக்கிறது. அதற்காகவே இருக்கும் நிறுவனங்கள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால் ஆச்சரியம் தாங்காது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஜாம்ஷெட்ஜி டாடாவின் கனவு. அவர் 1904இல் காலமாகிவிட்டார். கழகம் 1909இல்தான் உருவானது. மைசூர் அரசு கொடுத்த நிலம் 371 ஏக்கர். முதல் இயக்குநர் மோரிஸ் டிராவர்ஸ் யார் தெரியுமா? வில்லியம் ராம்சேயோடு சேர்ந்து நியான், கிரிப்டான், செனான் வாயுக்களைக் கண்டுபிடித்தவர்! பள்ளி முடித்து நேரே வரும் மாணவர்களைச் சேர்க்காமல் நூறு ஆண்டு நடந்த அந்தக் கழகம், 2011இல்தான் அவர்களுக்கும் கதவைத் திறந்தது.

சென்னைத் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தின் கதை இன்னும் அழகு. பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டிக் கருத்தரங்கு நடத்திவந்தார். 1960இல் அந்த வீட்டுக்கு வந்து மாணவர்களோடு பேசியவர் நீல்ஸ் போர்! அணு எப்படி இருக்கும் என்று உலகத்துக்குப் படம் போட்டுக் காட்டிய அதே போர்தான். 1962 ஜனவரி 3ஆம் தேதி நிறுவனம் பிறந்துவிட்டது.

எல்லாக் கதவும் இப்படிச் சுலபமாகத் திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1933இல் பெங்களூருக் கழகத்துக்கு விண்ணப்பித்த கமலா சோஹோனிக்கு, பெண் என்ற ஒரே காரணத்துக்காக இடம் மறுத்தார் அப்போதைய இயக்குநர் சர் சி.வி. ராமன். கமலா விடவில்லை, நேரில் போய் நியாயம் கேட்டார். கடைசியில் ஓராண்டு சோதனை முறையில் சேர்த்துக்கொண்டார்கள். பாலிலும் பருப்பிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்து தன்னை நிரூபித்தார். அதன்பிறகு அங்கே பெண்களுக்கு வழி பிறந்தது. 1939இல் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி.யும் வாங்கினார், அதுவும் உருளைக்கிழங்கை வைத்து ஆராய்ச்சி செய்து!

சரி, நம்மூர்ப் பக்கம் வருவோம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, சாப்பிடாத விழுப்புரத்துக்காரர் உண்டா? அதன் ரகப் பெயர்களில் டி.எம்.வி. என்று வருகிறதே, அது எந்த ஊர் தெரியுமா? நம்ம திண்டிவனம்! அங்கே இருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் அவை. குடியாத்தம் கொத்து என்ற பழைய ரகத்திலிருந்து நல்ல செடிகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, 1940இல் வெளியிட்டது டி.எம்.வி. 2. சுதந்திரத்துக்கு முன்பு பிறந்த அந்த ரகத்தை ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் தலைமுறை தலைமுறையாக விதைத்தார்கள். மரபணு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இன்றும் அதன் பெயர் வருகிறது! எள்ளிலும் டி.எம்.வி. ரகங்கள் உண்டு. பயிர்ப் பெருக்கத்தில் எம்.எஸ்சி., பிஎச்.டி. செய்ய நினைக்கும் திண்டிவனத்துப் பிள்ளைக்கு ஆய்வுக்கூடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது.

வானூர் பக்கம் திருவக்கரைக்குப் போயிருக்கிறீர்களா? காளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களில் பலர், பக்கத்திலேயே சுமார் 2 கோடி ஆண்டு பழமையான மரங்கள் கிடப்பதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். தேசியக் கல்மரப் பூங்கா அது. குனிந்து பார்த்தால் மரத்தின் வரியும் வளையமும் அப்படியே தெரியும். தொட்டால் கல்! மண்ணுக்குள் புதைந்த மரத்தில், ஊறிவந்த நீரிலிருந்த சிலிக்கா அணு அணுவாகப் புகுந்து கல்லாக்கிவிட்டது. கிளையும் வேரும் இல்லாமல் வெறும் அடிமரங்களாகக் கிடப்பதால், எங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வரப்பட்டவை என்கிறார்கள் நிலவியலாளர்கள். பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி 1781லேயே எழுதிவைத்தார். மரக்காணம் பக்கத்துக் கழுவேலி ஏரியோ 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்தது, 2021இல் பறவைகள் சரணாலயமானது. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இந்த மாதிரி இடத்தை ஆராய வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். நம் பிள்ளைகள் போய்ப் பார்க்க வேண்டாமா?

இனி முக்கியமான ஆச்சரியத்துக்கு வருகிறேன். 'இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பே, காசுக்கு எங்கே போறது?' என்று கேட்காத அப்பா அம்மா குறைவு. படிக்க நமக்கே பணம் கொடுக்கிறார்கள் என்பது தெரியுமா? கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஐஐடி போன்ற இடங்களில் பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அதற்குப் பிறகு 42,000! பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் தொடக்கமே 70,000. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் முழுநேரமாக ஆராய்ச்சி செய்தால் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தரும் திட்டம் தமிழ்நாடு அரசிடம் இருக்கிறது. இந்த விவரம் தெரியாததாலேயே எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் பி.எஸ்சி.யோடு நின்றுவிடுகிறார்கள். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கேட் என்றதும் பயம் வேண்டாம். 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். ஆங்கிலத்தில்தான் இருக்கும், உண்மைதான். ஆனால் பல கேள்விகளுக்கு விடை வெறும் எண். கணக்குப் போட்டு எண்ணைத் தட்டினால் போதும். அந்த வகைக் கேள்விகளுக்குத் தவறாகப் போட்டாலும் மார்க் குறைக்க மாட்டார்கள்! நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்குத்தான் மூன்றில் ஒரு பங்கு கழியும். எடுத்த மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும். மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே எழுதலாம். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் கட்டணம் பாதி.

பொறியியல் படிக்காதவர்கள் என்ன செய்வது? பி.எஸ்சி. படித்தவர்களுக்கு ஜாம் என்ற தேர்வு இருக்கிறது. இயற்பியல், வேதியியல், கணிதம், நிலவியல், உயிரித் தொழில்நுட்பம் என ஏழு பாடங்கள். எழுதினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேரலாம். பெங்களூருக் கழகத்தில் எம்.எஸ்சி.யையும் பிஎச்.டி.யையும் சேர்த்தே முடிக்கும் படிப்பும் உண்டு. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் நமக்குப் பக்கத்து வீடு. அங்கே முதுநிலைக்கு நாடு முழுவதற்குமான பொது நுழைவுத் தேர்வு வேறொன்று. 2022இல் யுஜிசி கொண்டுவந்த விதிப்படி, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் முதுநிலை படிக்காமலேயே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம்!

வெளிநாட்டிலும் கதவு திறந்திருக்கிறது. ஜப்பானின் ஒக்கினாவா தீவில் ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே துறைகளே கிடையாது! இயற்பியலும் உயிரியலும் ஒரே கூரையின்கீழ். முதல் ஆண்டில் மூன்று ஆய்வுக்கூடங்களில் மாறி மாறி வேலை செய்துவிட்டு, அதன்பிறகுதான் மாணவர் தன் கைடைத் தேர்ந்தெடுக்கிறார். பாடம் நடப்பது ஆங்கிலத்தில், உதவித்தொகையும் உண்டு. எந்த நாட்டுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம்.

எழுத்துத் தேர்வு தாண்டினால் நேர்முகம். இங்கே பலர் தடுமாறுவது ஆங்கிலத்துக்குப் பயந்து. ஐஐடி, அறிவியல் கழக நேர்முகங்களில் பெரும்பாலும் முதலில் கேட்பது, 'உங்களுக்குப் பிடித்த பாடம் எது?' என்பதுதான். சொன்னதும் போர்டு பக்கம் அனுப்பி, அந்தப் பாடத்தின் அடிமட்டத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். படம் போட்டு, சமன்பாடு எழுதி, யோசித்துக்கொண்டே பேசினால் போதும். விடையை ஒப்பிப்பவரைவிட, தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லி அங்கிருந்து யோசிக்கிறவரைத்தான் பேராசிரியர்கள் தேடுகிறார்கள். பிடித்த இரண்டு பாடங்களை ஆழமாகப் படித்துக்கொண்டு போவது இருபது பாடங்களை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட உதவும். போகுமுன் அந்தத் துறைப் பேராசிரியர்கள் எழுதிய ஒன்றிரண்டு கட்டுரைகளைத் தேடிப் படித்துவிட்டால், கைடு கிடைப்பதும் எளிது.

காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி, தங்கைகளே, அரசு கலைக் கல்லூரியில் கடைசி ஆண்டு பி.எஸ்சி.யில் இருப்பவர்களே, கேட் விண்ணப்பம் பொதுவாக ஆகஸ்ட் கடைசியிலும் ஜாம் விண்ணப்பம் செப்டம்பரிலும் திறக்கும். தேர்வு இரண்டுமே பிப்ரவரியில். சென்னை ஐஐடி பிஎச்.டி.க்கு ஜூலை, ஜனவரி என ஆண்டுக்கு இரண்டு முறை ஆள் எடுக்கிறது. பழைய கேள்வித்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்று ராத்திரியே ஒன்றை இறக்கி, எண் விடைக் கேள்விகளை மட்டும் போட்டுப் பாருங்கள்!