சோற்றின் அளவே மருந்தின் அளவு

திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கும் பாபநாசம் வட்டாரத்தில், தாய்ப்பாலுக்கு அடுத்தபடி குழந்தைக்கு ஊட்டுவது குழையப் பிசைந்த பருப்புச் சோறு. ஃபினைல்கீட்டோனூரியா என்ற பரம்பரைக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைக்கு மட்டும் அந்தச் சோறும், அதற்கு முன்பே பாலும், தீங்காகிவிடுகின்றன. புரதத்திலுள்ள ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினாக மாற்ற வேண்டிய கல்லீரல் நொதி இக்குழந்தைகளிடம் சரியாக வேலை செய்வதில்லை. மாற்றப்படாத அமிலம் ரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கிறது. 1934இல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் இந்நோயைக் கண்டறிந்தார். ஆனால் பிறவியிலேயே வந்த நோய்க்கு மருத்துவம் செய்ய வழியில்லை என்ற நிலையே அதற்குப் பிறகும் நீடித்தது.

அந்த நிலையை மாற்றியவர் ஜெர்மானியரான ஹோர்ஸ்ட் பிக்கல். இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஜான் ஜெரார்டு, ஈவ்லின் ஹிக்மன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, பால் புரதத்தைச் சிதைத்துக் கரி வழியே செலுத்தி ஃபினைல்அலனினை நீக்கினார். அந்தக் கலவையை உண்ட இரண்டு வயதுச் சிறுமி சில மாதங்களில் தவழவும் நிற்கவும் தொடங்கினாள். முன்னேற்றத்துக்கு வேறு காரணம் இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, தாய்க்குத் தெரியாமல் அந்த அமிலத்தை மீண்டும் உணவில் சேர்த்தார்கள். சிறுமியின் நிலை விரைவில் மோசமானது. இன்றைய நெறிமுறை இத்தகைய சோதனையை அனுமதிக்காது. ஆனாலும் 1953இல் வெளியான அந்த ஆய்வு, மரபணுவைத் தொடாமலேயே மரபுநோயை உணவால் அடக்கலாம் என்று காட்டியது. அதற்குள் சேதமான மூளை முழுதாக மீளவில்லை என்பதும் அதே ஆய்வின் பாடம். ஆகவே பிறந்த சில நாட்களிலேயே நோயைக் கண்டறிவது முக்கியமானது. 1960களில் அமெரிக்காவின் ராபர்ட் குத்ரி, குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்துளியை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையால் அதைச் சாத்தியமாக்கினார்.

"அரிசியை நிறுத்திவிட்டால் போயிற்று" என்று சிலர் நினைக்கலாம். அது தவறு. ஃபினைல்அலனின் அடியோடு இல்லாமல் உடல் வளராது. தேவை தடையல்ல, அளவு. கடுமையான வகை நோயுள்ள குழந்தை நாளொன்றுக்கு 250 முதல் 350 மில்லிகிராம் வரைதான் தாங்கும். 100 கிராம் அரிசியில் 7 முதல் 8 கிராம் புரதம் உண்டு. அதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு ஃபினைல்அலனின். அந்த அரிசியை வடித்தாலே அன்றைய கணக்கு முடிந்துவிடும். உளுந்தில் புரதம் அரிசியைப் போல் சுமார் மூன்று மடங்கு. ஆகவே இட்லி, தோசைக்கும் கணக்குண்டு. சேலம் வட்டாரத்து மரவள்ளி ஜவ்வரிசியிலோ புரதம் இல்லையென்றே சொல்லலாம். மற்ற அமினோ அமிலங்களைச் சிறப்பு மாவுக்கலவையால் ஈடுகட்ட வேண்டும். ரத்தத்தையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் மையமாக வைத்த மேலைநாட்டு உணவுப் பட்டியல் காவிரி டெல்டாவின் அடுப்படிக்குப் பொருந்தாது.

இது அரிய நோய்தானே, எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கப் பொதுப்பணம் ஏன் என்ற கேள்வி நியாயமானது. இந்தியாவில் ஃபினைல்கீட்டோனூரியா குறைவு என்பதும் உண்மை. ஆனால் அதே ரத்தத்துளியில் மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் போன்ற வேறு பல குறைபாடுகளையும் கண்டறியலாம். 1980களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அப்பாஜி ராவ், ராதா ரமா தேவி முதலானோர் கர்நாடகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்து, இத்தகைய அமினோ அமிலக் கோளாறுகள் இங்கும் உண்டெனக் காட்டினர். உறவுத் திருமணத்தைத் தவிர்த்தால் போதும் என்பது அரைகுறைத் தீர்வு. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அத்தகைய திருமணங்கள் 28 சதவீதம். அவை குறைந்தால் ஆபத்தும் குறையும். ஆனால் உறவல்லாத இருவரும் ஒரே குறைபாட்டைச் சுமக்கலாம். அப்போது ஒவ்வொரு கருவிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கை, சிறப்பு உணவால் கட்டுப்படும் நோய்களைத் தனிப் பிரிவாகவே ஏற்றுள்ளது. ஆனால் கண்டறியப்படாத குழந்தைக்கு எந்த உதவியும் போய்ச் சேராது. கண்டறிந்தபின் வேண்டிய உணவுக்கும் வழியுண்டு. ஜப்பானில் சிறுநீரக நோயாளிகளுக்காகப் புரதம் குறைத்த அரிசி விற்பனையில் இருக்கிறது. நெல் ஆராய்ச்சிக்கு ஆடுதுறையும் உணவுத் தொழில்நுட்பத்துக்குத் தஞ்சாவூரும் இருக்கும் இந்த மண்ணில் அத்தகைய அரிசியை உருவாக்குவது முடியாத காரியமல்ல. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் குதிகாலிலிருந்தும் ஒரு துளி ரத்தச் சோதனை, நோயுள்ள குழந்தைக்கு நம் சமையலிலேயே அமைந்த உணவுப் பட்டியல்: இவ்விரண்டையும் அரசு சேர்த்தே தொடங்க வேண்டும்.