நுரையீரலுக்குப் போகும் மருந்து, தொண்டையில் இறங்கினால்

மலேசியாவின் ரவாங் ஊருக்கும் பம்புக்கும் பழைய உறவு. 1894-இல் சுரங்க முதலாளிகளான தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் இங்கே ஈயச் சுரங்கத்தில் ஊறிய நீரை மின்சாரப் பம்பு வைத்து இறைத்தார்கள். இன்று இவ்வூரில் பம்ப் என்றால், பலருக்குக் கைப்பையில் கிடக்கும் ஆஸ்துமா பம்ப்தான். புகைமூட்டம் வந்துவிட்டால் அதற்கு ஓய்வே இல்லை.

இழுப்பு வந்ததும் எடுக்கும் நீலப் பம்ப் மூச்சுக்குழாயைத் தளர்த்தும். அன்றாடம் இழுக்கச் சொல்லும் தடுப்புப் பம்பில் இருப்பது ஸ்டீராய்டு. அது மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்கும். பம்ப் 1956-இலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பம்ப் பிரிட்டனில் வந்தது 1972-இல். அதுவரை மாத்திரையாக விழுங்கி முகம் ஊதியவர்களுக்கு அது பெரிய விடுதலை.

ஆனால் இந்த ஸ்டீராய்டு பம்பை இழுக்கும் சிலருக்குக் குரல் கம்முகிறதே, ஏன்? பம்பிலிருந்து மருந்து சீறிக்கொண்டு வருகிறது. தொண்டை வளைவில் திரும்ப முடியாமல் பெரும்பகுதி அங்கேயே மோதிப் படிகிறது. பழைய வகைப் பம்புகளில் நுரையீரலைச் சேர்ந்தது 10 முதல் 20 சதவீதம்தான். வழியில் இருப்பவை குரல்நாண்கள். பேசும்போது ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 120 முறையும், பெண்களுக்கு 200 முறையும் அவை ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். அவற்றின் சிறு தசைகளை ஸ்டீராய்டு தளர்த்தலாம். அப்போது நாண்கள் வில்லாக வளைந்து, நடுவில் இடைவெளி விழுகிறது. காற்று அதில் ஒழுகுவதால் குரல் கரகரக்கிறது, மேல் ஸ்தாயி எட்டுவதில்லை. நாண்களின் மேல்தோல் சிவப்பதும், சிலருக்கு வெண்பூஞ்சை படிவதும் உண்டு.

“இழுத்ததும் வாய் கொப்பளியுங்கள்” என்பார்கள். நல்ல யோசனைதான், வாய்ப்பூஞ்சையைத் தடுக்கும். ஆனால் கொப்பளிக்கும் நீர் குரல்நாணைத் தொடுவதே இல்லை, தொட்டால் புரையேறிவிடும்! பம்பின் முனையில் ஸ்பேசர் என்ற குழாயை மாட்டிக்கொண்டு நிதானமாக, ஆழமாக இழுத்தால் தொண்டையில் படிவது குறையும். குரல் கரகரப்பு அதனாலும் எல்லோருக்கும் போய்விடுவதில்லை. சைக்லெசோனைடு என்ற ஸ்டீராய்டு வேறு வழியில் போகிறது: நுரையீரலுக்குள் போன பிறகுதான் அது விழித்து வேலை செய்யும்.

மருந்தின் அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் குரல் திரும்பிவிடும். அதற்காகப் பம்பை நீங்களாகவே நிறுத்திவிடுவது வம்பு, இழுப்பு திரும்பினால் பேசவே மூச்சிருக்காது. மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்தால் தொண்டை மருத்துவர் ஒருமுறை நாணை எட்டிப் பார்க்கட்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ, கோயிலில் தேவாரம் சொல்லித்தருபவரோ என்றால், கிளினிக்கில் இருமலோடு தொழிலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.