கண் போகும் வழியில் கழுத்து
வலி மாத்திரைக்கும் காலருக்கும் அப்பால், நாள்பட்ட கழுத்து வலிக்குப் பார்வை வழியே ஒரு பயிற்சி

மைசூரின் கோகுலம் பகுதிக்கு யோகா கற்க வரும் வெளிநாட்டினருக்கு, உடலை எப்படி வளைப்பது என்பதோடு பார்வையை எங்கே நிறுத்துவது என்றும் சொல்லித்தருகிறார்கள். மூக்கு நுனி, புருவ மத்தி, தொப்புள், கட்டை விரல், கை, கால் விரல், மேலே, வலம், இடம் என்று ஒன்பது இடங்கள். பெயர் திருஷ்டி. (பூசணிக்காய் உடைத்துக் கழிக்கும் திருஷ்டி அல்ல.) பட்டாபி ஜோயிஸ் (1915-2009) உலகெங்கும் பரப்பிய அஷ்டாங்க யோகத்தில் மூச்சுக்கும் ஆசனத்துக்கும் சமமான இடம் இதற்கு. அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியா, 1930களில் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தியவர். பிற்காலத்தில் சென்னைவாசி.

மனம் அலைபாயாமல் இருக்கத்தான் திருஷ்டி. கழுத்து வலிக்கு மருந்தாக அல்ல. ஆனால் உடலை முறுக்கும் ஆசனங்களில் கண் ஒரு பக்கம் போக, தலையும் கூடவே திரும்புகிறது. கண்ணையும் கழுத்தையும் இப்படி ஜோடி சேர்ப்பதைத்தான், முற்றிலும் வேறு வழியில் வந்து, பிசியோதெரபியும் கையில் எடுத்திருக்கிறது.

உலகில் 2020ல் கழுத்து வலியோடு இருந்தவர்கள் சுமார் 20 கோடிப் பேர் என்பது ஒரு சர்வதேச மதிப்பீடு. நம் ஊர்களில் இவர்களுடைய கதை பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தொடங்கும். "எலும்பு தேய்ந்திருக்கிறது" என்ற ஒரு வரியில் பாதி தெம்பு போய்விடும். பிறகு காலர், தைலம், மாத்திரை. வலியே இல்லாத நடுத்தர வயதுக்காரர்களின் எக்ஸ்ரேயிலும் அதே தேய்மானம் தென்படும் என்பதை யாரும் சொல்வதில்லை.

சிலருக்குக் கோளாறு வேறிடத்தில். மண்டையோட்டுக்கு அடியில், கழுத்தின் உச்சியிலுள்ள சிறு தசைகளில் நுண்ணிய உணரிகள் ஏராளம். தலை எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று நொடிக்கு நொடி மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. கண்ணும் உட்காதும் தரும் தகவலோடு அதை ஒப்பிட்டுத்தான் மூளை நம்மை நிலையாக வைத்திருக்கிறது. வலி நாள்பட்டால் இந்தத் தகவல் பிசகலாம். தலை லேசாகச் சுற்றும், படிக்கும்போது பார்வை தடுமாறும், கழுத்து இறுகிக்கொள்ளும்.

பாரிசைச் சேர்ந்த மிஷல் ரெவெல் 1991ல் இதை அளந்து காட்டினார். தலையில் ஒளிக்கற்றை பொருத்தி, சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி உட்காரவைத்து, கண்ணை மூடித் தலையைத் திருப்பிவிட்டுப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொன்னார். கழுத்து வலிக்காரர்கள் அதிகம் தவறினார்கள். சுமார் 4.5 டிகிரி, அதாவது சுவரில் ஏழு செ.மீ., தாண்டினால் கோளாறு என்று இன்றும் கணக்கு. 1994ல் 60 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், எட்டு வாரம் கண்-கழுத்துப் பயிற்சி செய்தவர்களுக்கு இந்தத் துல்லியம் கூடியது, வலியும் குறைந்தது.

அதற்காக இது சர்வரோக நிவாரணி ஆகிவிடாது. ஆஸ்திரேலியாவில் க்வென் ஜல் குழுவினர் 2007ல் 64 பெண்களிடம் ஒப்பிட்டபோது, கழுத்தின் ஆழ்தசைகளுக்கான சாதாரணப் பயிற்சியும் ஏறக்குறைய இதே அளவுக்கு வலியைக் குறைத்தது. இரண்டையும் சேர்த்துச் செய்வதே புத்திசாலித்தனம்.

செய்முறை எளிது. முதுகு சாய்ந்த நாற்காலி போதும். முதலில் தலையை அசைக்காமல், நீட்டிய கட்டை விரலைக் கண்ணால் மட்டும் இடமும் வலமும் தொடர வேண்டும். அடுத்தது நேர்மாறு: எதிரே ஒரு புள்ளியில் பார்வை நிலைகுத்தியிருக்க, தலை மட்டும் மெதுவாகத் திரும்பும். மைசூர்க்காரர்களுக்கு மொட்டை மாடியிலிருந்து தெரியும் சாமுண்டி மலை இருக்கிறது. மற்றவர்களுக்குச் சுவர்க் காலண்டரின் தேதி. மூன்றாவதாக, கண் முன்னே போய் ஓரிடத்தில் நிற்க, தலை பின்னால் வந்து சேர வேண்டும். கடைசியாகக் கண்ணை மூடித் திரும்பி, நடுவுக்கு வந்து, கண் திறந்து எவ்வளவு பிசகினோம் என்று பார்ப்பது. உட்கார்ந்து செய்வது பழகிய பின் நின்றபடி. ஆரம்பத்தில் லேசான கிறுகிறுப்பு வரலாம். வேகத்தைக் குறைத்தால் அடங்கும். ஆழ்தசைப் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்பதே நல்லது.

கை மரத்துப்போவது, பிடி தளர்வது, நடை தள்ளாடுவது, காய்ச்சல், காரணமின்றி எடை குறைவது, விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, இரட்டைப் பார்வை: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சிக்கு முன் டாக்டர். சிரசாசனமும் சர்வாங்காசனமும் வலி தீரும்வரை வேண்டாம், மைசூருக்கே போய்க் கற்றிருந்தாலும்.