யானைக்கால் நோய்: கொசுவுக்குள் புழு வளர்வது எப்படி?

கொசு கடிச்சா யானைக்கால் நோய் வரும் என்பது காஞ்சிபுரம், ஓரிக்கை பக்கம் தெரிந்த விஷயம்தான். ஆனால், நோயாளியைக் கடித்த கொசுவால் மறுநாளே இன்னொருவருக்கு அதைப் பரப்ப முடியாது. ஏன்?

கொசுவுக்குள் என்ன நடக்கிறது?

இந்நோய்க்குக் காரணமான ஃபைலேரியா புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் அதிகம் சுற்றும். அதனால்தான் ரத்தப் பரிசோதனையும் இரவில் நடக்கிறது. இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் கொசு, ரத்தத்தோடு குஞ்சுகளையும் உறிஞ்சும். அவை கொசுவின் குடலைத் துளைத்து, இறக்கையை இயக்கும் தசைக்குள் புகும். அங்கே இருமுறை தோல் உரித்து வளர்ந்து, கொசுவின் வாய்ப்பகுதிக்கு வர 10 முதல் 14 நாள் ஆகும்.

நொதிக்கு என்ன வேலை?

இந்தப் பயணத்துக்குப் புழுவிடம் இருக்கும் கருவி, நொதிகள் எனப்படும் என்சைம்கள். புரதத்தை வெட்டும் அப்படியொரு நொதி, கேதெப்சின். இதே குடும்பத்தைச் சேர்ந்த புருகியா மலாயி புழுவில், கொசுவுக்குள்ளேயே அந்த நொதியின் மரபணுவை விஞ்ஞானிகள் முடக்கிப் பார்த்தனர். 2010-ல் வெளியான அந்த ஆய்வில் புழுக்களின் வளர்ச்சி வெகுவாகத் தடைபட்டது.

நாம் என்ன செய்யலாம்?

நொதியை முடக்கும் வழி இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. இப்போது கையில் இருப்பது டி.இ.சி., அல்பெண்டசோல் மாத்திரைகள். இவை ரத்தத்தில் உள்ள குஞ்சுகளைக் குறைப்பதால், கொசுவுக்குப் புழு கிடைக்காது.

"நல்லாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு மாத்திரை?" என்று கேட்கலாம். அறிகுறியே இல்லாதவர் ரத்தத்திலும் குஞ்சுகள் இருக்கலாம். கால் வீங்கிய பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். எனவே முகாமில் மாத்திரை கொடுத்தால் தவிர்க்க வேண்டாம். வீட்டருகே சாக்கடை நீர் தேங்கவும் விட வேண்டாம்.